மூச்சு வாங்குகிறவர் முதலில்

எங்கள் சுரங்கக் குடியிருப்பில், வீட்டுக்கு எதிர் லைனில் ஓர் அங்கிள் இருக்கிறார். கோலார் தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் பாறையில் துளை போடும் மெஷின் பிடித்தவர். இப்போது தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் நான்கு இடத்தில் நிற்பார். நிற்பது மூச்சுக்காக என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று ஒவ்வோர் இடத்திலும் எதையாவது உற்றுப் பார்ப்பதாகப் பாவனை செய்வார். ஒருநாள் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர்களில் இரண்டு பேர்கூட நோய் எது என்பதில் ஒத்துப்போனதில்லை. பாறைத் தூசி படிந்த நுரையீரலா, வேறு ஏதாவதா என்பது படத்தில் தெளிவாக இல்லை. தெளிவாக இல்லை என்று சொல்ல வாய் வராமல் பெரும்பாலானவர்கள் "பீடியை விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கிள் பீடியைக் கையால் தொட்டவர் இல்லை. சர்ச் சபையில் மூப்பர் வேறு. அந்த ஒரு வார்த்தை இருமலைவிட அதிகமாக அவரை அரித்தது.

"எனக்கு மருந்து கூட வாணாம் பாப்பா," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "இது மைன்ஸ் தூசியா இல்லியா, அத்த மட்டும் யாராச்சும் சொல்லட்டும். தெரிஞ்சிகினு போறேன்."

என்னிடம் சொன்னதற்குக் காரணம் என் வேலை. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் புள்ளியியல் பார்க்கிறேன். எங்கள் லைனில் என்னை 'கம்ப்யூட்டர்ல ரத்தம் பாக்கற பொண்ணு' என்பார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். உண்மையில் அது அவ்வளவு தப்பும் இல்லை.

நம் உடம்பின் செல்கள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே மரபணுக்கள்தான். ஆனால் எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. ஒன்று மும்முரமாக இருக்கும், ஒன்று தூங்கும். ரத்தத்தில் ஒரு துளி எடுத்தால் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்பதை எண்ணாகப் பெறலாம். நோய் உள்ளவர்கள் ஒரு குழு, இல்லாதவர்கள் ஒரு குழு. சுமார் இருபதாயிரம் மரபணுக்களில் எவையெல்லாம் இந்த இரண்டு குழுக்களுக்கும் இடையே நிஜமாகவே வேறுபடுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

இதில் 'நிஜமாகவே' என்ற சொல்தான் கஷ்டம். எங்களூர் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் போகிற வருகிற எல்லோரையும் நிறுத்தி நேற்று கனவில் பாம்பு வந்ததா என்று கேட்டால் சிலர் ஆமாம் என்பார்கள். அவர்களில் ஒருவருக்கு இன்று கால் சுளுக்கியிருக்கும். உடனே பாம்புக்கும் சுளுக்குக்கும் முடிச்சுப் போட்டுவிடலாம். இருபதாயிரம் கேள்வி கேட்டால், தற்செயலாகவே ஆயிரம் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்து நிற்கும். அந்தப் பொய் ஆமாம்களை எவ்வளவு வடிகட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான் என்று முன்கூட்டியே தெரிந்து அதற்கு ஒரு கடிவாளம் செய்து வைத்திருக்கிறார்களே என்று.

இன்னொன்றும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்மிடம் இருக்கும் ஆட்களோ கொஞ்சம். ஒரு மரபணு இயல்பாகவே எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அத்தனை குறைந்த ஆட்களை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு மரபணுவும் மற்ற மரபணுக்களிடம் கேட்டுக்கொள்கிறது. லைனில் புதிதாகக் குடிவந்த வீட்டார் எத்தனை குடம் தண்ணீர் பிடிப்பார்கள் என்று இரண்டு நாள் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? அக்கம்பக்கத்து வீடுகள் பிடிக்கிற குடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். அதே யோசனைதான், கொஞ்சம் கணிதத்தோடு.

எங்கள் ஆய்வகம் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதிக்கலாம் என்று முடிவு செய்தபோது ஊர்க்காரர்களைப் பிடித்துத் தந்தவள் நான். இரண்டு குழு. எல்லோரும் பூமிக்கடியில் வேலை செய்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயது. ஒரு குழுவுக்கு எக்ஸ்ரேயில் தூசி நோய் தெளிவாகத் தெரியும், மறு குழுவுக்கு நெஞ்சு சுத்தம். சந்தேகப் படம் உள்ளவர்களை எடுப்பதில்லை என்பது விதி. அங்கிளுக்கு இடமில்லை. "மொதல்ல ரெண்டு பக்கமும் தெளிவா வித்தியாசம் தெரியட்டும் அங்கிள், அப்பால உங்க ரத்தத்தப் பாத்து நீங்க எந்தப் பக்கம்னு சொல்லிடறேன்," என்றேன். வாய்க்கொழுப்பு. அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இன்றும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சபைக் கூடத்தில் ரத்தம் எடுத்தோம். ஊசி போட்டது ஆண்டர்சன்பேட்டையிலிருந்து என்னோடு தினமும் பெங்களூருக்கு ரயிலில் வருகிற நர்ஸ் அக்கா. ரத்தம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சுருங்கிப்போன நரம்புகூட அவர் விரல் பட்டால் எழுந்து நிற்கும். ஆனால் ஒரு பழக்கம். எங்கள் படிவத்தில் தேதிக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. அவரோ ஒவ்வொரு ஆளும் வந்த நேரம், உட்கார்ந்த நேரம், ஊசி இறங்கிய நேரம், டீ குடித்தாரா இல்லையா எல்லாவற்றையும் தன்னுடைய கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுவார். அன்று நானே கேலி செய்தேன்.

"இன்னாக்கா, ஜாதகம் எழுதறீங்களா?"

"நேரம் எழுதாத டியூப் எனக்கு டியூபே இல்லம்மா," என்றார், தலையைத் தூக்காமலேயே.

சில வாரங்களில் எண்கள் வந்தன. எனக்கு வந்த தாளில் ஆட்களின் பெயர் கிடையாது. குறியீட்டு எண்ணும் குழுவும் மட்டும். வேறு ஏதாவது குளறுபடி ஒளிந்திருக்கிறதா என்று வழக்கம்போல் பார்த்தேன். ஒரே நாள், ஒரே கூடம், ஒரே கை, ஒரே மெஷின். இதைவிடச் சுத்தமாக யாரும் செய்ய முடியாது என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். பிறகு படம் வரைந்தேன். ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி. நோயுள்ளவர்கள் இடது பக்கம் ஒரு கூட்டம், மற்றவர்கள் வலது பக்கம் ஒரு கூட்டம், நடுவில் வெட்டவெளி. என் வேலையில் அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். வடிகட்டி எடுத்த பிறகும் வேறுபடும் மரபணுக்களின் பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது.

பட்டியலின் தலையில் இருந்தவை உடம்பின் கடிகார மரபணுக்கள். காலையில் ஏறி மாலையில் இறங்கி, நமக்குள் நேரம் காட்டுபவை. நுரையீரல் நோய்க்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு ஊர்க்காரர் யாராக இருந்தாலும் நெற்றியைச் சுருக்கியிருப்பார். நான் சுரங்க ஊர்க்காரி. பகல் ஷிப்ட், சாயங்கால ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று அப்பா மாறி மாறிப் போன வீட்டில் சத்தம் போடாமல் வளர்ந்தவள். எனக்குச் சட்டென்று ஒரு கதை பிறந்துவிட்டது. சுரங்கம் மூடி இத்தனை காலம் ஆகியும் ஷிப்ட் இவர்கள் ரத்தத்திலிருந்து இறங்கவில்லை! என்ன ஒரு கதை. சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பா மறுநாள் டீக்கடையில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் "மைன்ஸ் ரத்தத்துல ஏறிகிச்சாம், பாப்பா கண்டுபுட்சிடுச்சாம்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அன்று மத்தியானம் அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் வாசலில் நின்றார். மீட்டர் பெட்டியைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"எனக்கு எப்போ பாக்கப்போற?"

"சீக்கிரம் அங்கிள்," என்றேன்.

திங்கட்கிழமை ரயிலில் அக்காவுக்கும் அதே கதையை அவிழ்த்துவிட்டேன். பங்காருபேட்டையில் ரயில் நின்றது. ஜன்னல் வழியாக இரண்டு பொட்டலம் வடை வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஷிப்ட் பாத்தது ரெண்டு பக்கமும்தானம்மா? நல்லா கீறவங்க மட்டும் இன்னா, நைட்ல தூங்கிகினா இருந்தாங்க?"

வடை என் வாயில் அப்படியே நின்றது.

"அதில்லக்கா, நோய் வந்தவங்க அதிகமா நைட் ஷிப்ட் பாத்திருக்கலாம் இல்ல?"

"பாத்திருக்கலாம்," என்றார். "ஆனா ஒண்ணு. சீக்கு இருக்கறவங்க எல்லாம் அன்னிக்கு விடிகாலமே குத்திகினு போய்ட்டாங்க. நல்லா இருக்கறவங்கள நான் குத்தும்போது மத்தியானம் ஆயிடுச்சு. நடுவுல நான் டிபன் சாப்ட்டேன். நோட்ல கீது பாரு."

எனக்கு வந்த கோபம் சாதாரணமில்லை. அக்கா மேல், வடை மேல், ரயில் மேல். "இத்த ஏன் அப்பவே சொல்லல?" என்று கத்தினேன். எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா பதறவில்லை. "நீ ஜாதகம்னு சிரிச்ச. கேக்கலியே," என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். பென்சில் எழுத்து மணிமணியாக இருந்தது. இந்தப் பக்கம் முழுக்கக் காலை, அந்தப் பக்கம் முழுக்க நடுப்பகல். ஓர் ஆள்கூட மாறி வரவில்லை.

கடிகார மரபணுக்கள் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு, மணி என்ன என்று சரியாகச் சொல்லியிருக்கின்றன. அதை நோய் என்று காதில் வாங்கிக்கொண்டது நான்தான். காலையில் கொஞ்சம் பேர், பகலில் கொஞ்சம் பேர் என்று இரண்டு குழுவும் கலந்து வந்திருந்தால் நேரத்தின் பங்கைக் கணக்கில் பிரித்து எடுத்துவிடலாம். அதற்கு வழி இருக்கிறது, அழகான வழி. ஆனால் நோயும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்துவிட்டால் எந்தச் சூத்திரத்தாலும் பிரிக்க முடியாது. உலகத்திலேயே பெரிய புள்ளியியல் மேதை வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கையை விரிக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், நலமானவர்கள் குழுவில் ரத்தம் கொடுத்திருந்த அப்பாவைப் பிடித்தேன். வந்த வரிசைப்படி நிற்கச் சொன்னோமே, ஏன் அப்படி வரவில்லை?

அப்பாவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "இன்னா பேசற நீ? மூச்சு வாங்கறவன நிக்க வெச்சிட்டு நாங்க போய் உக்காருவோமா? கீழ அடிபட்டவனோ முடியாதவனோ இருந்தா அவனத்தான மொதல்ல கேஜ்ல ஏத்தி மேல அனுப்புவோம்? மத்தவன் எத்தினி நேரமானாலும் நின்னுகினுதான் இருப்பான். அதான் செஞ்சோம். நாங்க போய் டீ குட்ச்சிட்டு வந்தோம்."

நானும் அன்று அங்கேதான் இருந்தேன், டியூப்களில் சீட்டு ஒட்டுவதிலேயே குனிந்திருந்ததால் கவனிக்கவில்லை. யாரும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லாமல், அத்தனை பேரும் அன்று கூடத்தில் அப்படி ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் கற்றுக்கொண்ட மரியாதை. எங்கள் ஆய்வைக் கெடுத்தது அழுக்கும் இல்லை, அலட்சியமும் இல்லை, இவர்களுடைய நல்ல மனசு. அதைவிடப் பெருமையான பிழையை என் வேலையில் நான் கண்டதில்லை. இப்போதும் அதை நினைத்தால் என் ஊர்க்காரர்கள் மேல் எனக்குத் தலைகால் புரியாத கர்வம் வரும்.

மறுநாள் ஆய்வகத் தலைவரிடம் நோட்டைக் காட்டி முழுவதையும் சொன்னேன். அவர் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "வெளியே போவதற்கு முன்னால் தெரிந்ததே, நல்லது. மறுபடி எடுங்கள்," என்றார். பிறகு, இந்த நோட்டை எழுதியவர் யார் என்று கேட்டார்.

மறுபடி எடுப்பதில் ஒரு சிக்கல். சீட்டுக் குலுக்கி, வருகிற எண்ணுக்கு ஏற்ப உட்காரவைப்பதுதான் முறை. அப்பாவிடம் சொன்னேன். சீட்டு என்ன, சர்க்கார் உத்தரவே வந்தாலும் மூச்சு வாங்குகிறவனை நிற்க வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். இருபதாயிரம் மரபணுக்களைக் கட்டி மேய்க்கிறேன், என் அப்பாவை மேய்க்க முடியவில்லை. மறுநாள் ரயிலில் வழி சொன்னது அக்காதான்.

"ரெண்டு சேர் போடு. கூட ஒரு ஆள ஊசி போட வெச்சிக்கோ. சீக்கு இருக்கறவரு ஒண்ணு, நல்லா கீறவரு ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல. ஒரே நேரம் குத்திடலாம். யாரும் யாருக்கும் முன்னாடி இல்ல."

புத்தகத்தில் இதற்கு ஜோடி அமைப்பு என்று பெயர். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் அவரைப் போன்ற ஒரு நலமானவர், நேரம் முதலாக எல்லாமே இருவருக்கும் ஒன்று, ஜோடிக்குள் இருக்கும் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது. நான் தேர்வுக்காக நெட்டுருப் போட்ட விஷயம். அக்கா அதை ஒரு பெஞ்சையும் இரண்டு நாற்காலியையும் மனசில் வைத்து யோசித்து எடுத்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "தள்ளும்மா, ரயிலு," என்றார்.

அந்த இரண்டாவது சனிக்கிழமை மாதிரி ஒரு காலையை நான் பார்த்ததில்லை. ஜோடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பூமிக்கடியில் ஒரே லெவலில், ஒரே ஆழத்தில் ஒன்றாக வேலை செய்தவர்களாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். ஊசி இறங்கும்போது ஒருவர் இன்னொருவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். "பாறைய ஒடைச்ச கை, ஊசிக்கு நடுங்குது பாரு." அக்கா நோட்டில் நேரம் எழுதினார். இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொடுத்தேன்.

எண்கள் வந்தன. படம் வரைந்தேன். இடது கூட்டம், வலது கூட்டம் எதுவும் இல்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கடிகார மரபணுக்கள் பட்டியலிலிருந்து மொத்தமாக இறங்கிப் போயிருந்தன. பக்கம் பக்கமாக நீண்டது சில வரிகளாகச் சுருங்கியது. அந்தச் சில வரிகள் நிஜம்போலத்தான் தெரிந்தன. அவற்றில் தூசியோடு போராடும் செல்களின் மரபணுக்கள் இருந்தன. ஆனால் வித்தியாசம் சின்னது. குழுவைக் குழுவோடு வைத்தால் தெரியும். தனியாக ஓர் ஆளை எடுத்து இவர் இந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. நோயுள்ள எத்தனையோ பேரின் எண்கள் நலமானவர்களின் எண்களுக்கு நடுவிலேயே இருந்தன.

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சில வரிகளைப் பார்க்கப் பார்க்க ஒரு மதிப்பு வந்தது. அதே கணக்குதான். தப்பாகக் கேட்டபோது உரக்கச் சொன்னது, சரியாகக் கேட்டபோது தெரிந்ததை மட்டும் மெல்லச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. எனக்குத்தான் அப்படி நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பத்தடித் தெருவைக் கடக்க எனக்குத்தான் அன்று மூச்சு வாங்கியது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதல் தடவை வந்தது தப்பு என்றேன், எப்படித் தப்பு என்று சொன்னேன். இரண்டாவது தடவை கூட்டத்தைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிகிறது, தனி ஆளைப் பற்றித் தெரியவில்லை என்றேன்.

"உங்களுக்கு இருக்கறது தூசியா இல்லியான்னு என்னால சொல்ல முடியாது அங்கிள். சொல்லிடறேன்னு சொன்னது என் தப்பு. எனக்குத் தெரியல."

அழுவார் என்று பயந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தினி பேர்கிட்ட போயிருப்பேன் பாப்பா," என்றார். "கோலாரு, பெங்களூரு, வேலூரு. எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே பேசி அனுப்ச்சாங்க. தெரியலன்னு என் மூஞ்சியப் பாத்து சொன்ன மொத ஆளு நீதான்."

அழுதது நான்தான். அவர் என்னை அழவிட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்து டீ போடச் சொன்னார். டீ வந்த பிறகு கேட்டார்.

"அடுத்த தபா எடுக்கும்போது என்னையும் சேத்துக்குவீங்களா?"

படம் தெளிவாக இருப்பவர்களைத்தான் எடுப்போம், ரெண்டே பக்கம்தான் என்று விதியைச் சொன்னேன்.

"அப்போ தெளிவா இல்லாதவங்க எங்க போறது?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை ஆய்வகத்தில் அடுத்த சுற்றுக்கான திட்டத்தைத் திறந்து, குழுக்கள் இரண்டு என்று இருந்த இடத்தில் மூன்று என்று எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். கணக்கு இன்னும் சிக்கலாகுமே என்றார். ஆகட்டும், அது என் பாடு என்றேன். மூன்றாவது குழுவுக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டார்.

"நமக்கு இன்னும் தெரியாதவர்கள்," என்றேன்.